கடிதத்தில் எழுதப்படாத சிறுநீரகம்

மாற்றுச் சிறுநீரகத்தோடு ஆண்டுக்கணக்கில், நோய் எதிர்ப்பாற்றலை அடக்கி வைக்கும் அசாதியோபிரினும் சைக்ளோஸ்போரினும் விழுங்கி வருகிறவர்களுக்குத் தோல் புற்று வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், ஆண்டுதோறும் தோல் பரிசோதனை வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அந்தப் பரிசோதனைக்கு நாள் வாங்குவதற்குள்தான் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கணுக்காலுக்கு மேலே செதிலுதிர்க்கும் கருந்திட்டு ஒன்று பெரிதாகிக்கொண்டே வந்தது. பரிந்துரைக் கடிதத்தில் 'காலில் திட்டு' என்பதற்கு மேல் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லையாதலால், முகப்பில் இருந்த எழுத்தர் என்னைச் சாதாரண வரிசையில் சேர்த்துப் பல மாதங்கள் தள்ளி நாள் குறித்தார். சிறுநீரகம் மாற்றியவன் என்று நான் சொன்னதற்கு, கடிதத்தில் இருப்பதைத்தான் தம்மால் பார்க்க முடியும் என்றார். போதாக்குறைக்கு, "நம் நிறத்துக்கு அதெல்லாம் வராது, அங்கிள்" என்ற ஆறுதல் வேறு.

அந்த ஆறுதலை நம்பி வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேரோ! மாற்று உறுப்பு பெற்றவர்களுக்குச் செதிள் செல் புற்று என்னும் தோல் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 65 முதல் 250 மடங்கு என்று சொல்லப்படும் கணக்கு பெரும்பாலும் வெள்ளைத்தோலினரை வைத்துப் போடப்பட்டது. நமக்கு அது குறைவுதான் என்றாலும், வரும்போது வெயில் படாத கீழ்க்கால், தொடையிடுக்கு போன்ற இடங்களிலும், சிலருக்கு மருக்களை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸின் துணையோடும் வருவதால், எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

மாற்றுச் சிகிச்சைப் பிரிவுக்கே திரும்பிச் சென்று, அறுவை நடந்த ஆண்டு, மாத்திரைகளின் பெயரும் அளவும், திட்டு வளர்ந்து வரும் விவரம் அனைத்தையும் எழுதச் சொல்லி, மேலே 'அவசரம்' என்ற குறிப்போடு புதுக் கடிதம் வாங்கினேன். அதே எழுத்தர் அதை வாசித்துவிட்டு, மறுபேச்சின்றி அடுத்த வாரத்திலேயே நாள் கொடுத்தார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

பயாப்ஸியும் அறுவையும் தடங்கலின்றி முடிந்தன. வந்திருந்தது போவன் நோய், அதாவது மேல்தோலைத் தாண்டாத தொடக்க நிலைச் செதிள் செல் புற்று.

அசாதியோபிரின் தோலைப் புற ஊதா ஏ கதிருக்கு எளிதில் இலக்காக்கும் என்பதால் மருத்துவர்கள் அதை மாற்றிக் கொடுத்தார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். கிடைத்த சிறுநீரகத்தை உடல் நிராகரித்துவிடும். இரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு எடுப்பவர்கள், அதுவும் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும் என்பதால், அதைப் பற்றியும் கேட்டுக்கொள்ளலாம். தைப்பூசம் இங்கே உச்சிக் கோடையில் வருகிறது. வெற்றுடம்போடு காவடி எடுக்க நேர்ந்துகொண்டவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

பரிசோதனை அறையில் முகத்தையும் கைகளையும் மட்டும் பார்த்துவிட்டு அனுப்ப முற்பட்டால், காலுறையைக் கழற்றட்டுமா என்று நீங்களே கேளுங்கள்.