புரோப்பின் முதல் எழுத்து

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவியபோது, என் ஆய்வுக்கு அதை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமியைத்தான் எடுப்பது என்று முடிவு செய்தேன். வயலில் இறங்கி வேலை செய்கிற எங்கள் சனத்துக்கு வருகிற நோய் அது. அந்தக் கிருமியின் நோயுண்டாக்கும் இனங்களில் உள்ள லிப்எல்32 மரபணுவைப் பிடிக்க ஒரு டக்மான் புரோப் தேவைப்பட்டது.

புரோப் என்பது ஒரு சின்ன டீஎன்ஏ இழை. என்னுடையதில் 25 எழுத்துகள், அதாவது ஏ, டீ, ஜி, சீ என்ற காரங்கள். 5′ முனையில் ஃபாம் என்ற சாயம், 3′ முனையில் ஒளியை அணைக்கும் குவென்சர். ஃபாம் 495 நானோமீட்டர் அளவில் ஒளியை வாங்கி, 520க்குக் கிட்ட வெளிவிடும். குவென்சர் அருகில் இருக்கும்வரை அந்தச் சக்தியை அது இழுத்துக்கொள்ளும். மரபணுவைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பிசிஆர் நடக்கும்போது, படியெடுக்கும் டாக் நொதி புரோப்பை வெட்டும். ஃபாம் பிரிந்து ஒளிரும்.

குவென்சரைத் தெரிவு செய்வதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. டாம்ரா என்ற குவென்சர் தானும் 580 அளவில் ஒளிரும். பிஎச்கியூ-1 என்ற மற்றது அப்படியில்லை, வாங்கிய சக்தியை வெப்பமாகவே விட்டுவிடும். அது அதிகம் உறிஞ்சுவது 534இல், ஃபாமுக்கு நன்றாகப் பொருந்தும். பெருக்கலைத் தொடக்கிவைக்கும் சின்ன இழைகளான பிரைமர்களைவிடப் புரோப்பின் உருகுநிலை, அதாவது ஒட்டிய இழை பிரிகிற வெப்பநிலை, 8 முதல் 10 பாகை கூட இருக்கவேண்டும் என்பதையும் கவனித்தேன். புரோப்பைச் செய்துதரும்படி வரிசையைக் கொழும்பு வழியாக அனுப்பி, கிழமைக்கணக்கில் காத்திருந்தேன்.

வந்தது. ஓட்டினேன். ஒளியைக் காட்டும் வரைபு தரையோடு தரையாகக் கிடந்தது.

டீஎன்ஏயை ஜெல்லில் ஓடவிட்டுப் பார்த்தால் அதன் பட்டை வடிவாகத் தெரிந்தது. ஆக, மரபணு பெருகுகிறது, ஒளிதான் வரவில்லை. வெளிச்சம் பட்டுச் சாயம் கெட்டிருக்கும் என்று நினைத்து, இருட்டில் வைத்திருந்த இன்னொரு குழாயை எடுத்தேன். அதே கதை. பிறகு புரோப்பை டீஎன்ஏஸ் நொதியால் துண்டுதுண்டாக வெட்டிப் பார்த்தேன். குவென்சரிலிருந்து விடுபட்டால் ஒளிர்வு பல மடங்கு எகிறவேண்டும். கொஞ்சம்தான் கூடியது.

பக்கத்து மேசை அக்கா வரிசையை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஃபாமுக்குப் பக்கத்தில என்ன எழுத்து வைச்சிருக்கிறீர்?”

ஜி. குவானின்.

அப்போதுதான் விளங்கியது. நான்கு காரங்களில் எலக்ட்ரானை மிக எளிதாக இழப்பது குவானின். கிளர்ந்த ஃபாமுக்கு அது எலக்ட்ரானைக் கொடுத்து ஒளியை அணைத்துவிடும். பிஎச்கியூவின் இழுப்பு தூரத்தைப் பொறுத்தது. தூரம் கூடக்கூட அதன் ஆறாம் அடுக்கில் குறையும், வெட்டியதும் போய்விடும். குவானின் போகாது. நொதி வெட்டி விடுகிற துண்டில் ஃபாமோடு முதல் எழுத்தும் ஒட்டிக்கொண்டே வருகிறது. நான் ஒரு குவென்சரை மட்டும் கணக்கில் எடுத்து, இரண்டை வைத்திருந்தேன்.

இரண்டாவது தடவை அதே இடத்தின் எதிரிழையை எடுத்தேன். பழைய புரோப் டீயில் முடிந்ததால், புதியது டீயின் சோடியான ஏயில் தொடங்கியது. அதில் சீ கூட, ஜி குறைவு. இதுவும் நல்லதுதான். அனுப்பமுன் அக்காவிடம் காட்டினேன். முதல் எழுத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “சரி, அனுப்பும்” என்றார்.

புதிய குழாயைத் தாளில் சுற்றி, இருட்டுப் பெட்டியில் வைத்துத்தான் எடுத்தேன். கிருமியின் டீஎன்ஏ இருப்பது தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரியின் வரைபு 24ஆவது சுற்றில் மேலே ஏறியது. டீஎன்ஏ போடாத குழி கடைசிவரை தரையிலேயே இருந்தது.