வெல்ஷ் மட்டும் பேசும் ஒரு வாரத்துக்குத் தயாரான கதை

பிரிட்டனின் வேல்ஸ் நாட்டுத் தலைநகர் கார்டிஃபில் பிசியோதெரபி வேலை செய்கிறேன். அந்த நாட்டின் சொந்த மொழி வெல்ஷ். பக்கவாதம் வந்த முதியவர்கள் சிலருக்கு, பள்ளியில் கற்ற ஆங்கிலம் நழுவிப்போய்ச் சிறுவயது வெல்ஷ் மட்டும் மிஞ்சும். "காலைத் தூக்குங்க", "வலிக்குதா?" என்று அவர்கள் மொழியிலேயே கேட்டால் பயிற்சி வேறு மாதிரிப் போகிறது. அதற்காகத்தான் மாலை வகுப்பில் சேர்ந்தேன். மனெட்யட், சல்வைன் என்ற முதல் இரண்டு படிகளும் முடிந்தன. மொழித்திறனை அளக்கும் ஐரோப்பிய அளவுகோலில் அவை ஏ1, ஏ2.

வகுப்பைவிட்டு வெளியே வந்தால்தான் பிரச்சினை. 2021 கணக்கெடுப்பின்படி கார்டிஃபில் நூற்றுக்கு 12 பேருக்குத்தான் வெல்ஷ் தெரியும். அந்தப் பன்னிரண்டில் ஒருவர் கடையில் நின்றாலும், என் முகத்தைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். மரியாதைக்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள், ஆனால் கற்பவனுக்கு அந்த மரியாதையால் ஒரு பயனும் இல்லை. நூற்றுக்கு 64 பேர் பேசும் குவினெத் மாவட்டத்துக்குப் போய் ஒரு வாரம் தங்கிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

வேல்ஸில் தங்கிப் படிக்கும் வகுப்பு என்றால் எல்லோரும் முதலில் சொல்வது நந்த் குர்தேய்ர்ன். வடமேற்கு மூலையில், குவினெத்துக்குள்ளேயே, ஹ்லீன் தீபகற்பத்தின் கடலோரப் பள்ளத்தாக்கு அது. ஒரு காலத்தில் அங்கே கருங்கல் குவாரி நடந்தது. வெட்டிய கற்கள் கப்பலேறி இங்கிலாந்து நகரங்களின் தெருக்களில் பதிக்கப்பட்டன. குவாரி மூடியதும் தொழிலாளர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட, 1959-க்குள் ஊர் காலியானது. பக்கத்து ஊர் மருத்துவர் கார்ல் க்ளவ்ஸ் முன்னின்று பணம் திரட்டி, 1978-ல் ஓர் அறக்கட்டளை மூலம் அந்த இடிந்த ஊரையே வாங்கவைத்தார். 1982-ல் வகுப்பு தொடங்கியது. வெல்ஷ் தொலைக்காட்சியான எஸ்4சி ஒளிபரப்பைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். குவாரிக்காரர்களின் வரிசை வீடுகள்தான் இப்போது மாணவர்கள் தங்கும் அறைகள்.

பணம், விடுப்பு பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. ஊழியர்களை அனுப்ப அரசு ஆதரவில் ‘வேலைக்கான வெல்ஷ்’ என்ற திட்டம் இருக்கிறது. உங்கள் நிறுவனம் அதில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், இருந்தால் கைப்பணம் மிச்சம். டியூட்டி அட்டவணை போடுகிறவரிடம் மட்டும் ரொம்ப முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். முதலில் இலக்கணப் புத்தகத்தைத்தான் எடுத்தேன். வெல்ஷில் நம்மைப் பயமுறுத்துவது சொல்லின் முதலெழுத்து மாறுவது. ஊர் பெயர் பாங்கோர். பாங்கோருக்கு என்றால் ‘இ வாங்கோர்’, பாங்கோரில் என்றால் ‘அம் மாங்கோர்’. மரம் மரங்களாவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் புணர்ச்சி புதிதல்ல. ஆனால் சொல்லின் தலையே மாறினால் அகராதியில் எங்கே தேடுவது? சில வாரம் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தேன். அப்புறம் ஆசிரியை ஒரு வார்த்தை சொன்னார்: மாற்றத்தைத் தவறவிட்டாலும் கேட்கிறவருக்குப் புரியும், நீ பேச்சை நிறுத்திவிட்டால்தான் எதுவும் புரியாது. அத்தோடு அட்டவணையை மூடிவைத்தேன்.

அதற்குப் பதிலாக, மாட்டிக்கொள்ளும்போது ஆங்கிலத்துக்கு ஓடாமல் இருக்க உதவும் வாக்கியங்களைச் சேர்த்தேன். ‘எட்டோ, ப்ளீஸ்’ – இன்னொரு முறை சொல்லுங்கள். ‘அன் அரவஃக்’ – மெதுவாக. ‘பெத் அதி ... அன் கம்ரைக்?’ – இதற்கு வெல்ஷில் என்ன? ‘தஸ்குர் தூ இ’ – நான் கற்பவன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாயில் வரும்வரை சமையல்கட்டில் நின்று சொல்லிப் பார்த்தேன். தயாரிப்பில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள் என்பேன். ஆயிரம் சொல் தெரிந்தும் இந்த நான்கு வரி இல்லாதவர், முதல் தேநீர் இடைவேளையிலேயே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்.

அடுத்து காது. நான் கற்றது தெற்கத்தி வெல்ஷ், போவதோ வடக்கே. ‘இப்போது’ என்பதற்குத் தெற்கில் ‘நவுர்’, வடக்கில் ‘ரூஅன்’. ‘கூட’ என்பதற்கு இங்கே ‘கிதா’, அங்கே ‘எவோ’. பாலுக்குக்கூட வேறு வேறு சொல். திருநெல்வேலிக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் பேசிக்கொள்வது போல்தான், ஒருவருக்கொருவர் புரியும். கற்பவனுக்குத்தான் தலை சுற்றும். எஸ்4சியில் வடக்கத்தி ஊர்களில் நடக்கும் தொடராகத் தேடி, வெல்ஷ் எழுத்து ஓடவிட்டுப் பார்த்தேன். காரில் ரேடியோ கம்ரி என்ற வெல்ஷ் வானொலி. செய்தியைவிட வானிலையும் நேயர் பேசும் நிகழ்ச்சியும்தான் காதுக்கு நல்ல தீனி, ஏனென்றால் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும்.

எல்லோரும் கேட்கப்போகும் கேள்விகளுக்கும் பதில் தயார் செய்தேன். எங்கே வேலை, எத்தனை பிள்ளைகள், ஏன் வெல்ஷ், உங்கள் மொழி எது? கடைசிக் கேள்விக்கு மட்டும் பெரிய பதிலாகவே வைத்திருந்தேன், தமிழைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நமக்கு நிறுத்த வராதே. பள்ளத்தாக்கின் பழங்கதையையும் எளிய வெல்ஷில் படித்துக்கொண்டேன். திருமண நாளில் வழக்கப்படி ஒளிந்துகொண்ட மெய்னிர் என்ற பெண் ஒரு கருவாலி மரப்பொந்தில் சிக்கிவிடுகிறாள். மணமகன் ஹ்ரீஸ் தேடித் தேடிப் பித்தாகிறான். பின்னாளில் மரத்தில் இடி விழுந்து பிளந்தபோதுதான் அவள் எலும்புக்கூடு தெரிகிறது. அங்குள்ள கஃபேக்கே அவள் பெயர்தான். கதை முன்பே தெரிந்தால், யாராவது சொல்லும்போது பாதி சொல் புரியாவிட்டாலும் கூடவே போய்விடலாம்.

பயணத்தை லேசாக எண்ண வேண்டாம். கார்டிஃபிலிருந்து ரயிலில் பாங்கோர் போகவே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அப்புறம் பஸ், அப்புறம் டாக்ஸி. நான் காரில் போனேன். ஹ்லித்வைன் ஊரைத் தாண்டியதும் சாலை கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. கியரைக் குறைத்துக்கொண்டு, எதிரே வண்டி வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு இறங்கினேன். மழைக்கோட்டு, கல்மேட்டில் நடக்கத் தகுந்த பூட்ஸ், ஊறுகாய் பாட்டில் மூன்றும் அவசியம். சைவம் என்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். அந்த முன்பதிவைத் தொலைபேசியில் வெல்ஷிலேயே செய்து பாருங்கள். எதிரில் இருப்பவர் கற்பவர்களிடம் பேசிப் பழகியவர், அவசரப்படுத்த மாட்டார்.

எந்தப் படியில் சேர்வது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். முழுக்கப் புதியவர்களுக்கும் வகுப்பு உண்டு. ஆனால் காலை ஒன்பதிலிருந்து இரவுச் சாப்பாடு வரை வெல்ஷிலேயே ஓட்ட வேண்டுமானால், முதல் படியாவது முடித்துவிட்டுப் போவது நல்லது என்பது என் கணிப்பு. இரண்டு படிகளுக்கு நடுவே தடுமாறினால் கீழ்ப்படியையே எடுங்கள். பாடம் சுலபமாக இருந்தால் வாய் திறக்கத் தைரியம் வரும், அங்கே போவதே அதற்குத்தானே.