லூவியனுக்கு எண், நமக்கு விசர்கம்

உலக எழுத்துகளுக்கெல்லாம் கணினிக்காக எண்ணும் பெயரும் தரும் யுனிகோடு பட்டியலில் நம் ஃ எழுத்துக்கு என்ன பெயர் தெரியுமா? 'தமிழ் சைன் விசர்கா'. விசர்கம் என்பது வடமொழி எழுத்துக் குறி; அந்தச் சட்டையை நம் ஆய்தத்துக்கு மாட்டிவிட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு பெயர் ஏறிவிட்டால் ஏறியதுதான், திருத்தக்கூடாது என்பது விதி. திருவல்லிக்கேணியில் உட்கார்ந்து எழுத்துரு வேலை பார்க்கும் எனக்கு அந்தக் கட்டத்தைத் திறக்கும்போதெல்லாம் எரிச்சல் வரும்.

போன வாரம் கூகுளின் நோட்டோ எழுத்துருக்களைத் துழாவியபோது ஆனடோலியன் ஹைரோகிளிஃப்ஸ் கண்ணில் பட்டது. இன்றைய துருக்கியிலும் வட சிரியாவிலும் பழங்கால லூவியன் மொழியைக் கல்லில் பொறித்த சித்திர எழுத்து. 2015-இல், யுனிகோடு 8.0-இல், 583 குறிகளோடு இடம்பிடித்தது. முதல் குறியில் ஓர் ஆள் தன்னையே கையால் சுட்டுகிறார்: 'நான்'. துருக்கியிலுள்ள கரதேப்பே கல்வெட்டு 'நான் அசதிவதா' என்றுதான் தொடங்குகிறது. நம் மெய்க்கீர்த்திகளில் அரசனைப் புகழ வேறொருவர் வேண்டும், இங்கே ஆளே நேராகப் பேசிவிடுகிறார்!

ஓரிரண்டைத் தவிர, இந்தக் குறிகளின் பெயரில் பொருளும் இல்லை, ஒலியும் இல்லை. ஏ001, ஏ002 என்று வெறும் எண்கள். பிரெஞ்சு அறிஞர் எம்மானுவேல் லாரோஷ் 1960-இல் வெளியிட்ட பட்டியலின் வரிசை அது. சோம்பேறித்தனம் என்று முதலில் தோன்றும். ஆனால் 376, 377 எண்ணுள்ள இரண்டு குறிகளையும் பாருங்கள். நெடுங்காலம் அறிஞர்கள் இவற்றை 'இ', 'ஈ' என்றே படித்தார்கள். 1970-களில் ஹாக்கின்ஸ், மோர்புர்கோ டேவிஸ், நோய்மன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் சேர்ந்து, 'ட்ஸி', 'ட்ஸ' என்று மாற்றினார்கள். ஏராளமான சொற்களின் வாசிப்பு ஒரே அடியில் மாறியது, ஆப்பெழுத்தில் (களிமண் பலகையில் ஆப்பு வடிவில் அழுத்திய எழுத்தில்) இருந்த லூவியனோடு அவை அழகாகப் பொருந்தின. ஒலியைப் பெயராக வைத்திருந்தால் அடுத்த திருத்தம் வரும்போது என்ன செய்வது? எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. விவரம் தெரிந்தவர்கள் செய்த வேலை.

அடுக்கும் விஷயத்தில்தான் இடிக்கிறது. கல்லில் குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குவிந்திருக்கும். ஒரு வரி வலமிருந்து இடம் போனால் அடுத்தது இடமிருந்து வலம் திரும்பும், முகங்களும் கூடவே திரும்பிக்கொள்ளும். கணினியில் தட்டினால் எல்லாம் இடமிருந்து வலமாக ஒரே வரிசை, அடுக்கச் சொல்லும் குறி அந்தத் தொகுதியில் கிடையாது. எகிப்திய எழுத்துக்கு 2019-இல் அப்படிச் சில கிடைத்தன. லூவியன் ஆய்வாளர்கள் வழக்கம்போல லத்தீன் எழுத்தில் பெயர்த்து அச்சிடுகிறார்கள், கல்லில் இருப்பது அப்படியே தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் கோட்டோவியம் போட்டுவிடுகிறார்கள்.