குளித்த தண்ணீர் எங்கே போகிறது?

சேலத்துக்காரர்கள் ஏற்காட்டில் அறை எடுத்துத் தங்குவது அபூர்வம். காலையில் புளிச்சாதம் கட்டிக்கொண்டு ஏறுவோம். ஏரியில் கொஞ்சம், பகோடா பாயிண்டில் கொஞ்சம் என்று சுற்றிவிட்டு, இருட்டுவதற்குள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வீடு சேர்ந்துவிடுவோம். என் மகள் முதல் சம்பளத்தில் நாகலூர்ப் பக்கம் ஒரு சிறிய விடுதியில் எங்களுக்கு அறை பதிவு செய்தபோது, செவ்வாய்பேட்டையில் நான் கணக்கு எழுதும் கொலுசுப் பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். "அந்தப் பணத்துக்கு ஒரு ஜோடி கொலுசே வாங்கியிருக்கலாமே அக்கா!"

காபித் தோட்டம், அதற்கு மேலே வெட்டாமல் விட்ட காடு, நடுவில் ஓட்டு வீடுகள். அறையில் மூங்கில் பல்துலக்கி, துணிப்பை, மண் கூஜா எல்லாம் இருந்தன. இவற்றில் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாடு முழுவதுமே தடை. அதைச் சாதனையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மேசை மேலிருந்த அட்டை 'தனியார் இயற்கைக் காப்பகம்' என்றது. சட்டத்தில் அப்படியொரு வகையே இல்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-இல் வந்த திருத்தம் தனியார் நிலத்தையும் சமூகக் காப்பகமாக அறிவிக்க வழி செய்தது. ஆனால் அதை அரசுதான் அறிவிக்க வேண்டும். இங்கே நடந்திருப்பது, ஒருவர் தன் பட்டா நிலத்தில் பாதியைக் கோடரி படாமல் விட்டிருக்கிறார் என்பதுதான். அதுவே பெரிய காரியம். பெயர் வைப்பதில் மட்டும் கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கலாம்.

நான் பார்க்க விரும்பியது சாக்கடையை. காரணம் இருக்கிறது. திருமணிமுத்தாறு இந்தச் சேர்வராயன் மலையில் பிறந்துதான் சேலத்துக்குள் வருகிறது. ஊருக்குள் அது என்ன நிறத்தில், என்ன வாடையோடு ஓடுகிறது என்பதை அதன் கரையோரம் குடியிருக்கும் எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே காபி குடித்த கையோடு சமையலறையின் பின்பக்கம் போனேன். தோட்டத்து வேலைக்காரர், மஞ்சக்குட்டைப் பக்கத்து மலையாளி என்ற மலைவாழ் பழங்குடியைச் சேர்ந்தவர், என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மா, வியூ பாயிண்ட் அந்தப் பக்கம்." "தெரியும் அண்ணா, குளித்த தண்ணீர் எங்கே போகிறது என்று காட்டுங்கள்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

குளியலறைத் தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் முதலில் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துவைக்கும் தொட்டிக்கு வருகின்றன. அடுத்து ஜல்லியும் மணலும் நிரப்பிய நீள வாய்க்கால், அது முழுக்கக் கல்வாழை. வேரைச் சுற்றியிருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடுகின்றன. கடைசித் தொட்டியில் குனிந்து முகர்ந்து பார்த்தேன், நாற்றமே இல்லை. அந்தத் தண்ணீர் வாழைக்கும் மிளகுக்கொடிக்கும் போகிறது. கழிப்பறைக்குத் தனிக் குழி. குளிக்க ஒரு வாளி வெந்நீர்தான். காபிச் செடியைக் கவாத்து செய்த சுள்ளிகளை எரித்துப் பாய்லரில் காய்ச்சுகிறார்கள். என் கணவர் ஷவர் இல்லை என்று முணுமுணுத்தார். வீட்டிலும் அவர் வாளியில்தான் குளிக்கிறார்.

இதைவிட எனக்குப் பிடித்தது காபிக் களம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பதை ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பழத்தைத் தோலுரித்துக் கழுவிய தண்ணீர் ஓடையில் கலந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்வதில்லை. அது புளித்து நாறும், தண்ணீரில் உயிர்வாயு குறைந்து மீன் செத்து மிதக்கும். இவர்கள் பழத்தைக் கழுவுவதில்லை. அப்படியே களத்தில் காயவைத்துச் செர்ரியாக விற்கிறார்கள். கழுவிய கொட்டைக்கு விலை அதிகம் என்று தெரிந்தேதான் செய்கிறார்கள்.

மேல்காட்டில் மாலைவரை உண்ணிச்செடி பிடுங்கும் வேலை நடந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் அழகுக்காகக் கொண்டுவந்த செடி. இப்போது மற்ற செடிகளுக்கு இடமே விடுவதில்லை. மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே வேரை அறுத்து, தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டுமாம். காய்ப்பதற்கு முன்பே முடிக்க வேண்டும், பழுத்துவிட்டால் குருவிகள் விதையை மலை முழுக்கப் பரப்பிவிடும். இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் வெளியே வரக்கூடாது என்றார்கள், காட்டுமாடு வரும். வரவில்லை. விடியலில் சீகாரப் பூங்குருவி ஒன்று மனிதர் போலவே சீழ்க்கை அடித்து எழுப்பியது. பக்கத்து அறைப் பையன் என்று நினைத்து என் கணவர் கோபமாகக் கதவைத் திறந்தார்.

ஒரு குறை உண்டு. சனிக்கிழமை இரவுகளில் முற்றத்தில் தீ மூட்டி, ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுகிறார்கள். புறப்படும்போது மேலாளரிடம் கேட்டேன்.

"விருந்தினர்கள் கேட்கிறார்களே அம்மா, என்ன செய்வது?"

"கேட்டால் இல்லை என்று சொல்வதற்கும் சேர்த்துத்தானே தம்பி இவ்வளவு வாடகை வாங்குகிறீர்கள்?"

சிரித்தார். மிளகு ஒரு பொட்டலம் இலவசமாகக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமையும் மூட்டத்தான் போகிறார்.