வேன்கார்ட் டிவி-3: விழுந்த நிலையில் ஒரு முழு அளவு மாதிரி

1957 டிசம்பர் 6 அன்று அமெரிக்காவின் கேப் கனாவெரல் ஏவுதளத்தில், ஒரு சிறு செயற்கைக்கோளைச் சுமந்த வேன்கார்ட் டிவி-3 (டிவி என்றால் டெஸ்ட் வெஹிகிள், சோதனை ராக்கெட்) ஏறக்குறைய 1.2 மீட்டர் எழும்பியது. இரண்டு விநாடிகளில் உந்துவிசை போய், மேடைமேலேயே விழுந்து வெடித்தது. எரிபொருள் தொட்டியில் அழுத்தம் குறைவாக இருந்ததால், எரியறையின் சூடான வாயு, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வழியே எரிபொருள் பாதைக்குள் புகுந்துவிட்டது என்பதே பொதுவாக ஏற்கப்படும் காரணம். மூக்குக் கூம்பிலிருந்து தெறித்து விழுந்த செயற்கைக்கோள் மட்டும் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்தக் கோளம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில், வளைந்த ஆண்டெனாக்களுடன் அப்படியே இருக்கிறது. பின்னர் 1958-ல் சுற்றுப்பாதையை அடைந்த வேன்கார்ட்-1 செயற்கைக்கோளின் பளபளப்பான மாதிரியைப் பலர் செய்கிறார்கள். அடிபட்ட இதைச் செய்வதுதான் கடினம், செய்யத் தகுந்ததும் இதுவே.

கோளத்தின் விட்டம் 16.3 செ.மீ. 1 மி.மீ. அலுமினியத் தகட்டை மர அச்சில் வைத்து லேத்தில் ஸ்பின்னிங் (சுழலும் தகட்டை அச்சின்மேல் அழுத்தி வடிவமாக்குதல்) செய்யும் பட்டறையில் இரண்டு அரைக்கோளங்கள் கிடைக்கும். கடைக் கிண்ணங்கள் சரிவராது. பெரும்பாலும் ஆழம் விட்டத்தில் பாதி இருக்காது.

ஆண்டெனாக்கள் ஆறு. ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று அச்சுகளில், அச்சுக்கு இரண்டாக நிற்கின்றன. இரண்டை உச்சியிலும் அடியிலும் வைத்தால் மீதி நான்கும் இரு பாதிகளும் சேரும் இணைப்புக் கோட்டிலேயே விழும். அங்கே துளை போட்டால் விளிம்பு கிழியும். அதனால் கோளத்தைச் சாய்த்து, பாதிக்கு மூன்றாகப் பிரிக்க வேண்டும். இணைப்பின் சுற்றளவு 51.2 செ.மீ. அதில் 17.07 செ.மீ.க்கு ஒரு குறி வைத்து, ஒவ்வொரு குறியிலிருந்தும் பரப்பின்மேலேயே 5 செ.மீ. மேலே ஏறினால் துளையிடும் இடம். கீழ்ப்பாதியில் இதே அளவுதான், ஆனால் 8.5 செ.மீ. தள்ளித் தொடங்க வேண்டும். அடுத்தடுத்த எந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே காகிதப் பட்டையால் அளந்தால் 12.8 செ.மீ. வர வேண்டும். வராவிட்டால் ட்ரில்லைத் தொடாதீர்கள். துளை 2 டிகிரி சாய்ந்தாலே ஆண்டெனா நுனி ஒரு செ.மீ. விலகும்.

ஆண்டெனா 30 செ.மீ. நீளம், 8 மி.மீ. தடிமன். வேருக்கு 2 செ.மீ. கூட்டி, அந்தப் பகுதியை 6 மி.மீ.க்குக் கடைந்து எம்6 (6 மி.மீ.) மரை வெட்டி, உள்ளே வாஷர் போட்டு நட்டால் இறுக்கலாம். மொத்தம் 2 மீட்டர் கம்பி போதும். 6061-டி6 என்ற கடினமான அலுமினியக் கலவைக் கம்பி சட்டென வளைத்தால் விரிசல் விடும். குளியல் சோப்பை மேலே தேய்த்து, டார்ச்சால் சீராகச் சூடாக்கி, சோப்பு கறுத்தவுடன் தீயை எடுத்தால் கம்பி இளகிவிடும். அதற்கு மேல் சூடாக்கினால் அலுமினியம் நிறம் மாறாமலே உருகிச் சரியும். குழாய் வாங்கியிருந்தால் உலர்ந்த மணலை நிரப்பி, இரு முனையும் அடைத்துத்தான் வளைக்க வேண்டும், இல்லையேல் நசுங்கும்.

சொட்டைகளைப் பாதிகளை ஒட்டும் முன்பே போட வேண்டும். அரைக்கோளத்தை மணல் பையில் கவிழ்த்து, வெளியிலிருந்து மரச்சுத்தியலால் தட்டவும். இரும்புச் சுத்தியல் கூரான பள்ளம் விடும். விழுந்து பட்ட அடி அப்படித் தெரியாது. இணைப்பு விளிம்பிலிருந்து 2 செ.மீ.க்குள் தட்டினால் பாதிகள் பொருந்தாது. பிறகு உள்ளே 20 மி.மீ. அகலப் பட்டை வைத்து எபாக்ஸியால் ஒட்டலாம்.

அசலின் எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தகடும் கம்பிகளும் 470 கிராம்தான் வரும். மீதியைக் கோளத்தின் நடுவில் ஓர் உருளை வைத்து அதில் ஏற்ற வேண்டும். அசலிலும் பாதரச பேட்டரிகளும் டிரான்ஸ்மிட்டர்களும் இருந்தது உருளைக்குள்தான். பிவிசி குழாயில் இரும்பு நட்டுகளை நிரப்பி, ஆடாமல் மெழுகு ஊற்றினால் போதும். கையில் எடுக்கும்போது இந்த எடை முக்கியம்.

அசல் அனுப்பிய சிக்னலை நினைவூட்டும் ஒலிக்கு உள்ளே சின்ன பஸர் வைக்கவும். அசல் அலைவரிசையான 108 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்ப ஆசை வரும், வேண்டாம். விமான வழிகாட்டிக் கருவிகளின் அலைவரிசை அங்கேதான் தொடங்குகிறது.

இனி மிச்சம் ஆறு சூரிய மின்கலங்கள். ஒற்றைப் படிக சிலிக்கான் துண்டுகளையே தேட வேண்டும். பூப்பூவாகத் தெரியும் பாலி (பல படிக) வகை அந்தக் காலத்துக்குப் பொருந்தாது.