எந்த எலி? டார் ரிசப்டர் நாட்குறிப்பு

மார்ச் 4, திங்கள்

புது ப்ராஜெக்ட் ஆரம்பிச்சாச்சு, இனிமே டார் ஜீன்களோடதான் குடும்பம். முழுப் பேரு ட்ரேஸ் அமின் அசோசியேட்டட் ரிசப்டர், ரிசப்டர்னா செல் மேல உக்காந்து குறிப்பிட்ட பொருளைப் பிடிக்கிற புரோட்டீன். மூளையில சேதி கடத்துற டோபமின், செரடோனின்லாம் பெரிய ஆளுங்க, எல்லாருக்கும் தெரியும், அவங்க நிழல்ல ரொம்ப ரொம்ப கம்மியா திரியுற சில்லறை அமின்கள் சிலது இருக்கு, ஃபீனைல்எத்திலமின், டைரமின் இந்த மாதிரி. ஃபீனைல்அலனின்ல இருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடை உருவுனா முதல் ஆளு ரெடி, டைரோசின்ல இருந்து உருவுனா ரெண்டாவது ஆளு. ஃபீனைல்எத்திலமின்லாம் உருவான வேகத்துலயே எம்ஏஓ என்சைம் வந்து முடிச்சிரும், அதனாலதான் ரொம்ப நாளா இதை யாரும் சீண்டல. 2001ல ரெண்டு குழு தனித்தனியா இதுக்குன்னே ஒரு ரிசப்டர் இருக்குன்னு காட்டுனப்புறம்தான் மவுசு வந்துச்சு.

சுண்டெலிக்கு இதுல வேலை செய்யுற ஜீன் 15, செத்துப்போனது 1, எல்லாம் 10ஆவது குரோமோசோம்ல ஒரே இடத்துல வரிசையா உக்காந்திருக்கு. பெரிய எலிக்கு 17. மனுஷனுக்கு வெறும் 6. ஸீப்ராஃபிஷ்ல நூறைத் தாண்டுது, தண்ணிக்குள்ள அதுக்கு என்ன அவ்ளோ மோப்பமோ.

மார்ச் 6, புதன்

2006ல லிபர்லெஸ், லிண்டா பக் ரெண்டு பேரும் எழுதின பேப்பரை இன்னைக்கு மறுபடி படிச்சேன். எல்லாரும் மூளையில தேடிட்டு இருந்தப்ப இவங்க மூக்குல பாத்திருக்காங்க, டார்1ஐத் தவிர சுண்டெலியோட மத்த டார் எல்லாமே மூக்குலதான் இருக்கு. அதுவும் ஒரு நியூரான்ல ஒரு ரிசப்டர்ங்கற கணக்குல, வழக்கமான வாசனை ரிசப்டர் மாதிரியே. டார்4க்கு ஃபீனைல்எத்திலமின், டார்5க்கு ட்ரைமெத்திலமின், டார்3க்கு ஐசோஅமைலமின்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள். குடும்பப் பேர வச்சுப் பாத்தா டார்1தான் தலைவர் மாதிரி தெரியுது, ஆனா வீட்டுல ஒத்துப்போகாத ஒரே ஆளு அதுதான், மூளையில தனிக்குடித்தனம்.

மார்ச் 9, சனி

ட்ரைமெத்திலமின் பாட்டில் திறந்த நாள். வாடையை உறிஞ்சுற ஹூட்க்குள்ள வச்சுத்தான் திறந்தோம், அப்படியும் காரிடார் முழுக்க அழுகின மீன் வாடை. நல்லா டைல்யூட் பண்ணி ஃபில்டர் பேப்பர்ல ஒரு சொட்டு வச்சு கேஜ்ல போட்டா, சுண்டெலி முதல்ல பின்னங்கால் நகராம உடம்பை மட்டும் ரப்பர் மாதிரி இழுத்து எட்டிப் பாக்குது, மீசை விடாம துடிக்குது, அப்புறம் நேரா போய் பேப்பர் மேலயே மூக்க வச்சிருச்சு. இதே வாடைக்குப் பெரிய எலி ஒதுங்கிப் போகும்.

காரணம் கல்லீரல்ல இருக்கு. ட்ரைமெத்திலமினை வாடை இல்லாத பொருளா மாத்துற என்சைம் எஃப்எம்ஓ3. ஆண் சுண்டெலி பருவத்துக்கு வந்ததும் டெஸ்டோஸ்டிரோன் இந்த என்சைமை அமுக்கிருது, அதனால வாடை அப்படியே மூத்திரத்துல வருது, பொண்ணுங்களுக்கு அது ‘இங்க ஒரு ஆம்பள சுண்டெலி இருக்கான்’னு நோட்டீஸ். டார்5 ஜீனை நாக்அவுட் பண்ணா, அதாவது வேலை செய்யாம ஆக்கிட்டா, அந்த ஈர்ப்பு போயிருது. மனுஷங்கள்ல அதே எஃப்எம்ஓ3 ஜீன் கெட்டுப்போனா அது வியாதி, உடம்பே மீன் வாடை அடிக்கும், பாவம். ஒரே ஜீன், ஒரே வாடை, ஒரு இடத்துல மாப்பிள்ளை முறுக்கு இன்னொரு இடத்துல டாக்டர் சீட்டு.

மார்ச் 13, புதன்

டார்4 சுருக்கமா. புலி, சிங்கம் மாதிரி மாமிசம் தின்னுற மிருகங்களோட மூத்திரத்துல ஃபீனைல்எத்திலமின் ஜாஸ்தி, மோந்த உடனே எலி விலகிரும், 2011ல காட்டுனாங்க. 2013ல டார்4 ஒண்ண மட்டும் தூக்கிப் பாத்தா ஃபீனைல்எத்திலமினுக்கும் ப்யூமா மூத்திரத்துக்கும் இருந்த பயம் போயிருச்சு. வாசனை ரிசப்டர் சுண்டெலிக்கு ஆயிரத்துக்கும் மேல இருக்கு, அதுல ஒண்ணு போனதும் நடத்தையே மாறுதுன்னா எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

மார்ச் 16, சனி

இதுக்காகத்தான் இந்த டைரியே. டார்1.

சுண்டெலிக்கு ரெண்டு பாட்டில், ஒண்ணுல தண்ணி, ஒண்ணுல மெத்ஆம்ஃபெட்டமின்ங்கற போதைப்பொருள் (சுருக்கமா மெத்) கலந்த தண்ணி. அதிகமா குடிக்கிறதுகளை ஒரு பக்கம், தொடாததுகளை ஒரு பக்கம்னு பிரிச்சு தலைமுறை தலைமுறையா வளத்திருக்காங்க, ஆரம்பிச்சது டிபிஏ/2ஜே, சி57பிஎல்/6ஜேன்னு ரெண்டு லேப் சுண்டெலி ஸ்ட்ரெயினைக் (வம்சத்தைக்) கலந்து. ஜீனைத் துழாவுனா 10ஆவது குரோமோசோம்ல ஒரே இடம், மொத்த மரபு வித்தியாசத்துல பாதிக்கு மேல அங்கயே அடக்கம். கடைசியில எல்லாம் ஒரு டிஎன்ஏ எழுத்துல வந்து நிக்குது, டார்1 ஜீன்ல 229ஆவது இடத்துல சி இருக்க வேண்டிய இடத்துல ஏ. அதனால புரோட்டீன்ல புரோலின்ங்கற அமினோ அமிலம் போய் த்ரியோனின் ஆகுது, ரிசப்டர் படுத்துருது. டார்1தான் மெத்தைப் பிடிச்சு ‘போதும்’னு பிரேக் போடுற ஆளு, பிரேக் இல்லாத சுண்டெலி குடிச்சிட்டே இருக்கு, மத்ததுக்கு மெத் ஏத்துனா உடம்பு சூடு இறங்கும், இதுக்கு இறங்கறதில்ல. 2019ல கிரிஸ்பர்ங்கற ஜீன் திருத்துற கருவி வச்சு அந்த ஒரு எழுத்தை மட்டும் திருத்துனாங்க, குடிக்கிறது குறைஞ்சிருச்சு. ஜாடை காட்டாம நேரா ஆளைப் பிடிச்ச சாட்சி.

இதுல கொடுமை என்னன்னா அந்த எழுத்துப் பிழை டிபிஏ/2 எல்லாத்துலயும் இல்ல, ஜாக்சன் லேபரட்டரி வளர்ப்புல 2001க்கும் 2003க்கும் நடுவுல சத்தமில்லாம உள்ள வந்திருக்கு. ஆக பழைய பேப்பர்ல ‘டிபிஏ/2ஜே’ன்னு இருந்தா எந்த வருஷத்து எலின்னு பாக்கணும், வேற இடத்துல வாங்குன டிபிஏன்னா கதையே வேற. நிறைய பேர் மெத்தட்ஸ் செக்‌ஷன்ல ஸ்ட்ரெயின் பேரை ஒரு வார்த்தையில முடிச்சிட்டுப் போயிடறாங்க, எனக்கு அங்கதான் எரிச்சல்.

மார்ச் 20, புதன்

நம்ம சுண்டெலிகளோட டிஎன்ஏ சீக்வென்சிங் ரிசல்ட் வந்துச்சு. ஸ்க்ரீன்ல டார்1ஓட அந்த 229ஆவது இடத்தை ஜூம் பண்ணா சிலதுல நீலத்துல சி மட்டும் ஒத்தையா எழும்பி நிக்குது, சிலதுல பச்சையில ஏ, கலப்புக் குட்டிகள்ல ரெண்டும் பாதி உயரத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது. அதைப் பாத்துட்டே இருக்கலாம் போல இருந்துச்சு.

மதியம் ஜூனியர் ஒருத்தன் யூலோடரான்ட் பத்திக் கேட்டான், டார்1ஐத் தூண்டி ஸ்கிசோஃப்ரினியாவைக் குணப்படுத்தலாம்னு வந்த மாத்திரை, 2023ல மூணாம் கட்ட சோதனை ரெண்டுலயும் டம்மி மாத்திரையைத் தாண்டல. டம்மி எடுத்தவங்களே நல்லா முன்னேறிட்டாங்க, அதனால மருந்து தோத்துச்சா சோதனை தோத்துச்சான்னு இன்னும் அடிச்சுக்கறாங்க. நான் மருந்தை இன்னும் கைவிடல, அவன் ஒத்துக்கல, டீ ஆறிப்போச்சு.

அடுத்த பேட்ச் டிபிஏ வருது. எந்த சப்ஸ்ட்ரெயின் (உள்வகை), எந்த காலனி (வளர்ப்புக் கூட்டம்)னு கேட்டு மெயில் போட்டிருக்கேன், பதில் வராம கேஜ் கார்டு எழுதப் போறதில்ல.