75 பைசா வட்டியும் டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸும்: சேலத்தில் பழைய போலோ ஜி.டி.க்கு லோன் போடும் முன்

சேலத்தில் இருபத்துமூன்று, இருபத்துநாலு வயசுப் பையன்கள் "கொஞ்சம் இழுக்கிற வண்டி வேணும்" என்று தேட ஆரம்பித்தால் கடைசியில் நாலைந்து பெயர்களில்தான் வந்து நிற்பார்கள். ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., அபார்த் புண்டோ, ஐ20 என் லைன். அப்பா கொஞ்சம் கை கொடுத்தால் ஆக்டேவியா வி.ஆர்.எஸ்., மினி கூப்பர் எஸ். ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் வண்டியெல்லாம் வேறு உலகம். எண்ணிக்கை குறைவாக ஓடும் மாடல் என்றாலே ஃபைனான்ஸ்காரர் முகம் சுருங்கிவிடும். தவணை நின்று வண்டியைத் திரும்பப் பிடித்தால் யாருக்கு விற்பது என்பதுதான் அவர் கவலை. அதனால் இங்கே போலோவை வைத்தே பேசுவோம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். லோன் என்பது புரோக்கர் சொல்லும் விலைக்குக் கிடைப்பதில்லை, வேல்யூயர், அதாவது கடன் கம்பெனி அனுப்பும் மதிப்பீட்டாளர், போடும் மதிப்புக்குத்தான் கிடைக்கும். "டாக்டர் வண்டிங்க தம்பி, ஞாயித்துக்கெழம மட்டுந்தான் எடுப்பாருங்க" என்று ஏழு லட்சம் சொல்வார்கள். வேல்யூயருக்கு டாக்டரும் தெரியாது, ஞாயிறும் தெரியாது. சேஸ் நம்பர், எஞ்சின் நம்பர், ஓடோமீட்டர், நாலு டயர், நாலு பக்கம் படம் எடுப்பார்; மாடல், வருஷம், கிலோமீட்டர் பார்த்து ஒரு தொகை எழுதுவார். உள்ளே போட்ட எக்ஸாஸ்ட், 17 இஞ்ச் அலாய், ரீமேப் (எஞ்சின் மென்பொருளை மாற்றிச் சக்தி கூட்டுவது) எதற்கும் பத்துப் பைசா மதிப்பு ஏறாது. அவர் 6,20,000 எழுதி, கம்பெனி அதில் 80 சதவீதம் கொடுத்தால் கைக்கு வருவது 4,96,000. ஏழு லட்சத்தில் 80 சதவீதம், அதாவது 5,60,000 வரும் என்று கணக்குப் போட்டு அட்வான்ஸ் கொடுத்தவர் அங்கேயே 64,000 ரூபாய்க்கு முழிப்பார். ஆக உங்கள் கைப்பணம் 2,04,000. அதற்கு மேல் பிராசசிங் ஃபீஸ், டாக்குமென்ட் சார்ஜ், ஸ்டாம்ப், ஆர்.சி. மாற்றம், இன்சூரன்ஸ். இதோடு 'லோன் புரொடெக்ட்' என்று ஒரு ஆயுள் காப்பீட்டைச் சத்தமில்லாமல் லோன் தொகையிலேயே சேர்த்துவிடுவார்கள். அது கட்டாயம் இல்லை. வேண்டாம் என்று கையெழுத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது வண்டியின் வயசு. பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். வண்டியின் வயசும் லோன் காலமும் சேர்ந்து பத்து வருஷத்தைத் தாண்டக்கூடாது என்பது பல இடங்களில் விதி; சில இடங்களில் இன்னும் ஒன்றிரண்டு வருஷம் விடுவார்கள். பழைய போலோ மலிவு என்று எட்டு வருஷ வண்டியை எடுத்தால் 24 மாதம்தான் தருவார்கள். ஐந்து லட்சத்துக்கு 14 சதவீத 'குறையும் வட்டி' (அடைக்க அடைக்க மிச்சமுள்ள அசலுக்கு மட்டும் போடும் வட்டி) என்றால் மாதத் தவணை சுமார் 24,000. ஆறு வருஷ வண்டிக்கு அதே ஐந்து லட்சத்தை 48 மாதம் போட்டால் 13,660 அளவில் வரும். கைக்கு 38,000 சம்பளம் வாங்குகிறவருக்கு, சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போனால் பெரும்பாலும் ஃபைல் திரும்பிவிடும். முதல் வண்டிக்கு அவர் தகுதி இல்லாதவர், ரெண்டாவது வண்டிக்குத் தகுதி உள்ளவர். ஆள் ஒருவர்தான், தொகையும் ஒன்றுதான். நீண்ட காலத்துக்கு விலை உண்டு: 24 மாதத்தில் வட்டி சுமார் 76,000, 48 மாதத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

போலோவில் இந்த வயசுக் கணக்குக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. 2013ல் வந்த 1.2 டி.எஸ்.ஐ. (டர்போ பெட்ரோல்) ஜி.டி., 105 குதிரைசக்தி, ஏழு கியர் டி.எஸ்.ஜி. இந்த டி.எஸ்.ஜி. (ரெண்டு கிளட்ச் வைத்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) உலர் கிளட்ச் வகை. மெக்கட்ரானிக்ஸ், அதாவது கியரை மாற்றும் மின்னணு-ஹைட்ராலிக் பகுதி, பழுதாவதற்குப் பேர்போனது. 2020ல் 1.0 டி.எஸ்.ஐ., 110 குதிரைசக்தி வந்தபோது டி.எஸ்.ஜி. போய் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் (வழக்கமான ஆட்டோமேட்டிக்) வந்தது. 2022ல் போலோவே நின்றுவிட்டது. ஆகவே வயசு குறைந்த வண்டிக்குத் தவணைக் காலம் நீளும், கியர்பாக்ஸ் பயமும் குறையும். பழையதில் மிச்சம் பிடித்த காசை மெக்கட்ரானிக்ஸ் ஒரே பில்லில் விழுங்கிவிடும். அந்த பில் லட்சத்தைச் சாதாரணமாகத் தாண்டும்.

வட்டிக்கு வருவோம். லாரி ஃபைனான்ஸில் ஊறின மண் இது. சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் யாரும் சதவீதத்தில் பேச மாட்டார்கள், பைசாவில்தான் பேச்சு. "75 பைசாதாங்க தம்பி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் முக்கால் ரூபாய், வருஷத்துக்கு 9 சதவீதம். பேங்கே 14 கேட்கிறதே, இது மலிவு என்று தோன்றும். ஆனால் இது ஃப்ளாட் வட்டி. நீங்கள் அடைத்த அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி ஓடும். ஐந்து லட்சத்துக்கு நாலு வருஷம் 9 சதவீதம் ஃப்ளாட் என்றால் வட்டி 1,80,000, மொத்தம் 6,80,000, மாதம் 14,167. இதே தவணையைக் குறையும் வட்டிக்கு மாற்றிப் பார்த்தால் 16 சதவீதம் வரும். 14 சதவீதம் கேட்ட பேங்க்தான் மலிவு. யாரிடம் பேசினாலும் "மாசத் தவணை எவ்வளவு, எத்தனை மாசம், கைக்கு எவ்வளவு வரும்" என்ற மூன்றை மட்டும் எழுதி வாங்குங்கள். ஒப்பிட அது போதும். 2024 அக்டோபர் 1க்குப் பிறகு பேங்கும் என்.பி.எஃப்.சி. என்ற வங்கி அல்லாத நிதி நிறுவனமும் தரும் தனிநபர் தவணைக் கடன்களுக்கு எல்லாச் செலவையும் சேர்த்த வருட விகிதத்தைக் காட்டும் கே.எஃப்.எஸ். என்ற முக்கிய விவரத் தாள் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். பழைய கார் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி. முன்கூட்டி அடைத்தால் எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை மாதம் வரை அடைக்கவே முடியாது என்பதும் அதிலேயே பார்க்க வேண்டியது.

தனியார் ஆட்டோ ஃபைனான்ஸில் வெற்று ஃபார்ம் 29, 30ல் கையெழுத்தும், தொகை எழுதாத செக்கும், ரெண்டாவது சாவியும் கேட்பார்கள். ஃபார்ம் 29, 30 என்பது வண்டியை விற்கும் தாள். அதில் வெற்றாகக் கையெழுத்துப் போட்டால் வண்டியை எழுதிக் கொடுத்த மாதிரிதான்.

சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்பதற்கான மதிப்பெண், பற்றிச் சுருக்கமாக. 300 முதல் 900 வரை. 750க்கு மேல் இருந்தால் பேச்சு சுலபம். இதுவரை கடனே வாங்காதவருக்கு ஸ்கோரே இருக்காது, அதுவும் ஒரு குறைதான். ஒரு சின்ன எஃப்.டி. (நிரந்தர வைப்பு) போட்டு, அதன் மேல் கிரெடிட் கார்டு வாங்கி, வரம்பில் 30 சதவீதத்துக்குள் செலவு செய்து, ஆறு மாதம் தேதி தவறாமல் முழுசாகக் கட்டினால் ஸ்கோர் உருவாகும். ஒரே வாரத்தில் ஆறு இடத்தில் அப்ளை செய்தால் ஆறு விசாரணையும் பதிவாகும். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை, தறி, சேகோ ஃபேக்டரி என்று சொந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு: காசு இருக்கும், பேங்க் ஸ்டேட்மென்ட்டில் இருக்காது. ரெண்டு வருஷ ஐ.டி. ரிட்டர்ன் இல்லையென்றால் அப்பாவைக் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்ப்பதுதான் வழி.

வண்டி பார்க்கும் நாளில் விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க. போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். ஆறின எஞ்சினில் முதல் ரெண்டு விநாடி கலகலவென்று செயின் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம். நாலு டயரும் ஐந்து வருஷம் கடந்திருந்தால் விலையில் அடித்துப் பேசலாம்.

டி.எஸ்.ஜி.யைச் சோதிக்க ஓமலூர் ரோட்டில் விரட்டுவது வீண். சமதளத்தில், நல்ல வேகத்தில், கெட்டுப்போன டி.எஸ்.ஜி.கூட வெண்ணெய் மாதிரி ஓடும். வாரநாள் காலையில் ஏற்காடு அடிவாரத்துக்குக் கொண்டு போங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் வேண்டியதில்லை, முதல் ஆறேழு போதும். லேசான ஏற்றத்தில் ஓரமாக நிறுத்தி, 'டி'யில் வைத்து, பிரேக்கை மட்டும் விடுங்கள். ஆக்ஸிலரேட்டர் தொடாமல் ஊர்ந்து ஏறும்போது வண்டி உதறினால் கிளட்ச் தேய்ந்திருக்கலாம். முதல் கியரிலிருந்து ரெண்டுக்கு மாறும்போது இடிக்கிறதா பாருங்கள். வளைவில் முன்னால் பஸ் நின்று நகரும்போது இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிவரும்; எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் அந்த ஊர்தலில்தான் சூடேறும். ரிவர்ஸில் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். டேஷ்போர்டில் கியர் எழுத்து மின்னினால் அங்கேயே கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். இறங்கும்போது மேனுவலில் ரெண்டாவது கியர் பிடித்து, ஒவ்வொரு வளைவுக்கும் முன் பிரேக் அழுத்துங்கள். ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க் கோணலாகியிருக்கும்.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். பழுதுக் குறியீடு எதுவும் இல்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். காலையில்தான் யாரோ அழித்திருந்தால் ரெடினஸ் மானிட்டர்கள் (வண்டி தானே செய்யும் சுயசோதனைகள்) முடியாமல் நிற்கும், அது காட்டிக்கொடுத்துவிடும். ரீமேப் செய்த வண்டி என்றால் உங்கள் இன்சூரன்ஸ் கிளெய்மில் பின்னால் அது ஒரு சாக்காகும்.

வண்டி மேல் ஏற்கெனவே எச்.பி. (கடன் அடமானப் பதிவு) இருக்கிறதா என்பது எம்பரிவாஹன் ஆப்பில் நம்பரைப் போட்டாலே தெரியும். செலான் பாக்கியும் தெரியும். எச்.பி. இருந்தால் விற்பவர் கையில் பணம் கொடுக்காதீர்கள். அவருடைய பேங்கிடம் ஃபோர்குளோஷர் லெட்டர் (லோனை முடிக்க எவ்வளவு பாக்கி என்ற கடிதம்) வாங்கி, உங்கள் லோன் தொகை அந்த லோன் கணக்குக்கே நேராகப் போகட்டும். மீதியை என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) எச்.பி.யை நீக்கும் ஃபார்ம் 35ம் கைக்கு வந்த பிறகு கொடுங்கள். என்.ஓ.சி. வரப் பல நாள் ஆகும், அந்த இடைவெளியில்தான் தகராறு எல்லாம் பிறக்கிறது.

பெங்களூர் வண்டி மலிவு என்று தருமபுரி தாண்டிப் போகிறவர்கள் நிறைய. கே.ஏ. நம்பருக்கு அங்கே ஃபார்ம் 28 என்.ஓ.சி. வாங்கி, இங்கே ஆயுள் வரியை மறுபடி கட்ட வேண்டும். வண்டியின் அசல் விலையும் வயசும் பார்த்து வரி போடுவார்கள். விலை கூடிய வண்டிக்கு அது கனமான தொகை. கர்நாடகத்தில் கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அலைச்சல். பல ஃபைனான்ஸ்காரர்கள் தமிழ்நாட்டு நம்பர் வந்த பிறகுதான் பணம் விடுவார்கள்.

வாங்கிய பிறகு 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் எதிராளிக்கான காப்பு தொடரும், உங்கள் வண்டி சேதத்துக்குக் கிடைக்காது. நோ கிளெய்ம் போனஸ் விற்றவருடையது, அது உங்களுக்கு வராது. 2022 ஜூனில் நிர்ணயித்தபடி தேர்ட் பார்ட்டி பிரீமியம் 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897. 1.2 போலோ முதல் வகை, வி.ஆர்.எஸ். ரெண்டாவது; 1.0 போலோ 999 சி.சி.தான், அது இதற்கும் கீழே 1,000 சி.சி. வரையிலான வகை. ஆர்.டி.ஓ.வில் ஃபார்ம் 29, 30 உடன் புது எச்.பி.க்கு ஃபார்ம் 34ம் சேர்த்தே கொடுத்துவிட்டால் ஒரே வேலையாக முடியும். புது ஆர்.சி. வந்ததும் சேஸ் நம்பரை வண்டியோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கிளெய்மில் இழுத்தடிப்பார்கள்.

இ.எம்.ஐ. தேதியையும் பாருங்கள். சம்பளம் ஏழாம் தேதி, தவணை ஐந்தாம் தேதி என்று அவர்களாகவே போட்டுவிடுவார்கள். முதல் மாதமே பவுன்ஸ் ஆகும், பவுன்ஸ் சார்ஜும் விழும். கையெழுத்துக்கு முன் "பத்தாம் தேதி போடுங்க" என்றால் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள். லோன் விட்ட பிறகு கேட்டால் லெட்டர் எழுதி, இடைப்பட்ட நாளுக்கு வட்டியும் கட்ட வேண்டியிருக்கும்.